பேட்ச் அனுப்பும் முன் தேர்வு வைக்கலாமா?

வாசகர் கேள்வி, 3 பிப்ரவரி 2025

நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு திறந்த மூல மென்பொருளைப் பராமரிக்கிறோம். புதியவர்களிடமிருந்து வருகிற பேட்ச்களில் (நிரலில் செய்த மாற்றங்களை அனுப்பும் சிறு கோப்புகள்) பாதியைத் தொகுத்து இயக்கக்கூட முடிவதில்லை. மீதியைப் படித்து பதில் எழுதுவதற்குள் வார இறுதி போய்விடுகிறது. அதனால் முதலில் ஒரு நிரலாக்கத் தேர்வு வைத்து, தேறியவர்களின் பேட்ச்களை மட்டும் பார்ப்பது என்று நினைக்கிறோம். நிறுவனங்களில் நேர்காணலில் கேட்கும் கேள்விகளையே எடுத்துக்கொள்ளலாமா? வேறு நல்ல கேள்வித்தாள் யாரிடமாவது இருக்கிறதா?

3 பிப்ரவரி

வேண்டாம். நேர்காணல் கேள்விகளைக் கேட்டால் நேர்காணலுக்குத் தயாரானவர்கள்தான் தேறுவார்கள். இருமரம் என்ற தரவு அமைப்பை இடவலமாகத் திருப்பத் தெரிந்தவருக்கு, யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போன நானூறு வரிச் செயற்கூறுக்குள் நுழைந்து, இரண்டே வரியை மாற்றி, மற்ற எதையும் கலைக்காமல் வெளியே வரத் தெரியும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது ஆள்.

மீதியை இரவு எழுதுகிறேன்.

3 பிப்ரவரி, இரவு

தொகுக்க முடியாத பேட்ச்சைக் கண்டுபிடிக்க மனிதர் எதற்கு? ஒவ்வொரு பேட்ச்சுக்கும் தானாக ஓடும் சோதனையை வைத்துவிடுங்கள். தொகுக்கவில்லையென்றால் அதுவே திருப்பி அனுப்பட்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் செக்பேட்ச் என்று ஒரு பெர்ல் நிரல் இருக்கிறது. வரியின் கடைசியில் வெற்றிடம், அடைப்புக்குறி தவறான இடத்தில், கையொப்ப வரி இல்லை என்று பேட்ச்சை அனுப்புவதற்கு முன்பே குறை சொல்லிவிடும். இயந்திரம் குறை சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அதையே நான் சொன்னால், 'இந்தத் திட்டத்தில் புதியவர்களை மதிப்பதில்லை' என்று எங்காவது எழுதப்பட்டுவிடுகிறது.

இயந்திரத்தால் முடிந்ததைக் கழித்த பிறகு சோதித்துப் பார்க்க என்ன மிஞ்சுகிறது? பிழையைத் தன் கணினியில் வரவழைக்கத் தெரிகிறதா, மாற்றத்தைச் சிறியதாக வைத்துக்கொள்ளத் தெரிகிறதா, ஏன் மாற்றினேன் என்று எழுதத் தெரிகிறதா. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, 'இது சரியில்லை' என்று பதில் போனதும் இரண்டாம் பதிப்பு வருகிறதா, எப்படி வருகிறது. முதல் பேட்ச்சை வைத்து நான் யாரையும் எடை போடுவதில்லை. முதல் பேட்ச் எல்லாருக்கும் சுமார்தான்.

5 பிப்ரவரி

'எடுத்துக்காட்டு கொடுங்கள், பொதுவாகப் பேசாதீர்கள்' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான்.

நான் பார்த்துக்கொள்ளும் நிரல் நூலகம் சிஎஸ்வி கோப்புகளை, அதாவது அட்டவணையைக் காற்புள்ளிகளால் பிரித்து எழுதிய உரைக் கோப்புகளை, படிப்பது. அதற்கு ஒரு பிழையறிக்கை வந்தது. முதல் நெடுவரிசையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் 'அப்படி ஒரு நெடுவரிசை இல்லை' என்கிறதாம். ஆனால் திரையில் அச்சிட்டுப் பார்த்தால் பெயர் சரியாகத்தான் தெரிகிறதாம். கோப்பை அவர் இணைக்கவில்லை. இந்தத் தொழிலில் சில காலம் இருந்தவர்களுக்குக் காரணம் பார்த்ததுமே தெரியும். நான் அதில் கை வைக்கவில்லை. 'ஏதாவது வேலை கொடுங்கள்' என்று வந்தவர்களை அந்தப் பக்கம் அனுப்பினேன்.

முதலில் வந்தவர் தானே ஒரு சிஎஸ்வி கோப்பைத் தட்டச்சு செய்து ஓட்டிப் பார்த்துவிட்டு, 'என்னிடம் சரியாக வேலை செய்கிறது' என்று எழுதிவிட்டுப் போனார். பிழை கண்டவரிடம் அவருடைய கோப்பைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

இரண்டாமவர் இணையத்தில் தேடிக் காரணத்தைப் பிடித்துவிட்டார். எக்செல்லில் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று சேமித்தால் கோப்பின் தலையில் இஎஃப், பிபி, பிஎஃப் என்ற மூன்று பைட்டுகள் சேர்ந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் முதல் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எனவே பெயர் பொருந்தாது. சரியான கண்டுபிடிப்பு. ஆனால் அவர் அனுப்பிய பேட்ச், எந்தக் கோப்பாக இருந்தாலும் முதல் மூன்று பைட்டுகளை வெட்டி எறிந்தது. அவர் எழுதிய சோதனை தேறியது. ஏனென்றால் அதில் அந்த மூன்று பைட்டுகள் இருந்தன. ஏற்கெனவே இருந்த சோதனைகள் கொத்துக் கொத்தாகத் தோற்றன. ஒரு கோப்பில் முதல் தலைப்பு 'விலை' என்று இருந்தது. எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். 'வ' கச்சிதமாகக் கழன்று விழுந்து, இகரக் குறி மட்டும் அநாதையாக நின்றது. இதைச் சுட்டிக்காட்டினேன். இரண்டாம் பதிப்பு வந்தது. அதில் நிரல் அப்படியே இருந்தது. தோற்ற சோதனைகளின் எதிர்பார்ப்பை மாற்றி, எல்லாவற்றையும் தேறவைத்திருந்தார்.

மூன்றாமவர் நிரலைத் தொடவே இல்லை. பிழையறிக்கையின் கீழே கேள்வி கேட்டார். எந்த மென்பொருளில் சேமித்தீர்கள்? கோப்பின் முதல் பதினாறு பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாக ஒட்ட முடியுமா? பதில் வந்த அன்றே பேட்ச் வந்தது. மூன்று பைட்டுகளும் இருந்தால் மட்டும் தாண்டு, இல்லையென்றால் தொடாதே. நான் மூன்று விஷயங்கள் கேட்டேன். வெற்றுக் கோப்பு வந்தால்? கோப்பாக இல்லாமல் வேறொரு நிரலிலிருந்து குழாய் வழியாக உள்ளீடு வந்தால், படித்த இடத்துக்குப் பின்னால் போக முடியாதே? படித்த கோப்பில் அந்தக் குறி இருந்தால் திரும்ப எழுதும்போதும் சேர்க்கலாமா?

இரண்டாம் பதிப்பில் முதலிரண்டுக்கும் சோதனைகள் இருந்தன. மூன்றாவதை அவர் ஏற்கவில்லை. படிப்பது வேறு, எழுதுவது வேறு, இரண்டையும் ஒரே பேட்ச்சில் கட்டினால் பிறகு ஒன்றை மட்டும் திரும்பப் பெற முடியாது என்று எழுதியிருந்தார். சரியான மறுப்பு. கூடவே நான் கேட்காத ஒன்றும் இருந்தது. முதல் தலைப்பு இரட்டை மேற்கோளுக்குள் இருந்தால், முன்னால் அந்த மூன்று பைட்டுகள் நிற்பதால் மேற்கோள் குறி புலத்தின் முதல் எழுத்தாக இருக்காது. எனவே நூலகம் அதை மேற்கோளாக எடுத்துக்கொள்ளாமல் பெயரின் பகுதியாகவே வைத்துக்கொள்ளும். வெறும் பெயரில் உள்ள குறியை மட்டும் பிறகு நீக்கும் தீர்வு எதுவும் இங்கே உதவாது, தாண்டுவதைப் பகுப்பதற்கு முன்பே செய்ய வேண்டும் என்று விளக்கியிருந்தார்.

இவரிடம் இனி என்ன தேர்வு வைப்பது?

6 பிப்ரவரி

'காரணம் தெரிந்தும் பிழையைத் திருத்தாமல் வைத்திருந்தது பயனர்களுக்குச் செய்த அநியாயம்' என்கிறார் ஒருவர். பிழையறிக்கையிலேயே மாற்று வழியை எழுதிவைத்திருந்தேன். அந்த மூன்று பைட்டுகள் இல்லாமல் சேமித்தால் தீர்ந்தது. தரவு அழியும் பிழையாகவோ பாதுகாப்புப் பிழையாகவோ இருந்தால் பயிற்சிக்கு என்று ஒரு மணி நேரம்கூட விட்டுவைக்கமாட்டேன்.

9 பிப்ரவரி

கேள்வித்தாள் முறையை யாருமே பின்பற்றுவதில்லை என்று நான் சொன்னதாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அப்படிச் சொல்லவில்லை. பெரிய திட்டங்கள் சில பின்பற்றுகின்றன. ஆனால் எந்த இடத்தில் என்பதைப் பாருங்கள்.

லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான ஜென்டூவில் உருவாக்குநராகச் சேர வினாத்தாள் உண்டு. பொதிகளை (மென்பொருளை நிறுவ வகைசெய்யும் தொகுப்புகள்) எழுதுபவர்களுக்கு அதற்கான நுட்பக் கேள்விகள் இருக்கும். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். பிறகு ஒருவர் உட்கார்ந்து, எழுதியதைப் பற்றி உங்களோடு பேசுவார். இன்னொரு லினக்ஸ் வழங்கலான டெபியனில் சேர விண்ணப்பித்தால் இரண்டு பகுதிகள். ஒன்று திட்டத்தின் கொள்கையும் நடைமுறையும், மற்றது பணியும் திறனும். இரண்டாவதில், நீங்கள் ஏற்கெனவே பராமரித்துவரும் பொதிகளையே எடுத்துப் பார்ப்பார்கள். அதாவது உள்ளே வர அனுமதிச் சீட்டு அல்ல இது. பல காலம் வேலை செய்த பிறகு சாவியைக் கையில் கொடுக்கும் முன் வைக்கும் தேர்வு. பேட்ச் அனுப்ப யாருக்கும் அங்கே தேர்வு கிடையாது.

டெபியன் புதியவர்களைச் சேர்ப்பதையே ஒரு முறை நிறுத்திவைத்தது. 1999இல் கதவைச் சாத்தி, முறையைப் புதிதாக அமைத்து, 2000இல் திறந்தது. பிறகு 2007இல் நடுவே ஒரு படியை வைத்தது. முழு உறுப்பினராகாமலே, குறிப்பிட்ட சில பொதிகளை மட்டும் தானே பதிவேற்றும் உரிமை. எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று இருந்த இடத்தில் வைத்த இந்தப் படி, எந்த வினாத்தாளையும்விட உபயோகமானது என்பது என் எண்ணம்.

10 பிப்ரவரி

நேற்றைய குறிப்பைத் தொடர்ந்து ஒருவர் யூடிப்டுலா சவாலை நினைவூட்டினார். 2014இல் தொடங்கியது, கெர்னல் கற்க விரும்புபவர்களுக்கான இருபது பணிகள். எல்லாம் மின்னஞ்சலில். முதல் பணி, கெர்னலுக்குள் 'ஹலோ வேர்ல்ட்' என்று எழுதும் ஒரு சின்னத் தொகுதி. பத்தாம் பணியில்தான் விஷயம் இருக்கிறது. கெர்னல் மூலநிரலில் ஸ்டேஜிங் என்ற பகுதியில் ஏதாவது ஒரு நடைப் பிழையைத் திருத்தி, உண்மையான பராமரிப்பாளருக்கு அனுப்பி, ஏற்கச்செய்ய வேண்டும். அதுவரை விளையாட்டு, அதன் பிறகு உலகம்.

அதில் எனக்குப் பிடித்தது வேறு. மின்னஞ்சலை எளிய உரையாக அனுப்ப வேண்டும், எச்டிஎம்எல் வடிவில் வந்தால் ஏற்கமாட்டார்கள். அற்பமான விதி போலத் தெரியும். ஆனால் கெர்னல் மடலாடற்குழுவில் எச்டிஎம்எல் மின்னஞ்சல் போய்ச் சேரவே சேராது. வேலை நடக்கும் இடத்தின் விதியை அப்படியே தேர்வின் விதியாக வைத்தார்கள், அதுதான் நேர்மை.

இப்போது அந்தச் சவாலில் புதிதாகச் சேர முடியாது. யாரும் தேடி அலைய வேண்டாம்.

14 பிப்ரவரி

மறுபரிசீலனை. உண்மையான வேலையையே தேர்வாக வைக்க வேண்டும் என்று எழுதிவிட்டேன். செலவை எழுதவில்லை. மேலே சொன்ன இரண்டாமவருக்கு நான் எழுதிய பதில்களைத் திரும்பப் படித்தேன். அந்த நேரத்தில் பிழையை நானே திருத்தி, சோதனை எழுதி, சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கலாம். சின்னத் திட்டத்துக்கு இது கட்டுப்படியாகாது என்று கேள்வி கேட்டவர் சொன்னால் மறுக்க முடியாது.

நிரல் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் மென்பொருளான கிட்டின் திட்டத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கோடைக்காலப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பவர்கள் முதலில் ஒரு நுண்பணியைச் செய்து மடலாடற்குழுவுக்கு பேட்ச்சாக அனுப்ப வேண்டும். பணி மிகச் சின்னது. நிரலாக்கத்தைச் சோதிப்பது நோக்கமல்ல, அனுப்புவது, கருத்துகளை வாங்குவது, திருத்தி மறுபடி அனுப்புவது என்ற சுற்றை ஒரு முறை சுற்றிவருவதுதான் நோக்கம். ஒருவர் ஒன்றைச் செய்தால் போதும், மற்றதை அடுத்தவருக்கு விட்டுவைக்கச் சொல்கிறார்கள். திறந்த மூலப் பயிற்சித் திட்டமான அவுட்ரீச்சியிலும் பங்களிப்புக் காலம் என்று ஒன்று உண்டு. அதில் ஏதாவது பங்களித்திருந்தால்தான் தேர்வு செய்வார்கள்.

பணி சின்னதாக இருந்தால் பார்ப்பவரின் நேரமும் சின்னது. ஆகவே நான் சொன்னதைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். சிஎஸ்வி பிழை போன்ற ஆழமான ஒன்றை முதலிலேயே கொடுக்காதீர்கள். அது இரண்டாவது வேலை.

அதே சமயம் வெறும் எழுத்துப்பிழைத் திருத்தத்தை முதல் பணியாக வைத்தாலும் ஆபத்து. அக்டோபர் மாதத்தில் சில பேட்ச்கள் அனுப்பினால் டி-ஷர்ட் என்று ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வு அறிவித்திருந்தது. 2020இல் அது எப்படிப் போனது என்பது பராமரிப்பாளர்களுக்கு நினைவிருக்கும். முகப்புக் கோப்பில் 'அருமையான திட்டம்' என்று ஒரு வரி சேர்த்து ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. அந்த மாதம் முடிவதற்குள், விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. பரிசு எங்கே இருக்கிறதோ அங்கே தேர்வு அளக்கும் பொருளே மாறிவிடுகிறது.

15 பிப்ரவரி

என் திட்டத்திலும் டி-ஷர்ட் கொடுக்கலாமே என்கிறார் ஒருவர். என்னிடம் இருப்பவை எல்லாம் நான் போட்டுத் தேய்ந்தவை.

20 பிப்ரவரி

'இப்போது நிரலை செயற்கை நுண்ணறிவே எழுதித்தருகிறது, எந்தத் தேர்வு வைத்தாலும் வீண்' என்று நீளமாக எழுதியிருக்கிறார்கள். வீட்டில் வைத்து எழுதிக்கொண்டு வரும் தேர்வு வீண், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முன்பும் வீண்தான். விடைகள் இணையத்தில் கிடந்தன.

ஜென்டூ 2024 ஏப்ரலில் இப்படி எழுதப்பட்ட பங்களிப்புகளை ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது. நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டம் அடுத்த மாதம், இவற்றை உரிமம் கறைபட்ட நிரலாகக் கருதுவோம், முன் ஒப்புதல் இல்லாமல் சேர்க்கக் கூடாது என்றது. என் நூலகத்தில் தடை எதுவும் இல்லை. நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: 'இந்த வரி இல்லாவிட்டால் எந்தச் சோதனை தோற்கும்?' என்று கேட்பேன். தானே எழுதியவரோ, எழுதித்தந்ததைப் புரிந்துகொண்டவரோ, அந்த வரியை நீக்கி ஓட்டிப் பார்த்துச் சோதனையின் பெயரைச் சொல்வார். மற்றவர்களிடமிருந்து அரைப்பக்கம் நன்றியும், 'தாங்கள் சுட்டிக்காட்டியது மிகவும் முக்கியமான விஷயம்' என்ற வரியும் வரும். சோதனையின் பெயர் வராது.

மாற்றத்தின் அளவைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வரித் திருத்தம் ஆயிரம் வரியாக வந்தால் காரணம் பெரும்பாலும் உரைத் திருத்தி மென்பொருள் கோப்பு முழுவதையும் மறுவடிவமைத்திருக்கும், அல்லது வரி முடிவுக் குறிகள் மாறியிருக்கும். இது குற்றமல்ல. 'வேண்டிய பகுதியை மட்டும் தேர்ந்து கமிட் செய்து (கிட்டில் ஒரு மாற்றமாகப் பதிந்து) மறுபடி அனுப்புங்கள்' என்று எழுதினால், செய்யத் தெரியாவிட்டாலும் கற்றுக்கொண்டு செய்பவர் ஒரு வகை. 'இப்படி இருப்பதுதான் அழகு' என்பவர் இன்னொரு வகை.

22 பிப்ரவரி

பிழை நுழைந்த கமிட்டைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் கிட் பைசெக்ட் கட்டளை தெரிந்திருக்க வேண்டுமா என்று கேட்டதற்கு: முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆயிரம் கமிட்களுக்கு நடுவே எது பிழையைக் கொண்டுவந்தது என்று பத்து முறை தொகுத்துப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம் என்று காட்டிக்கொடுத்தால், அதன் பிறகு வரும் பிழையறிக்கைகளின் தரமே மாறிவிடுகிறது. கமிட் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுகிறார்கள். கெர்னலில் அப்படிக் கண்டுபிடித்த கமிட்டின் முதல் பன்னிரண்டு எழுத்துகளையும் தலைப்பையும் 'ஃபிக்சஸ்' என்ற வரியில் எழுதச் சொல்கிறார்கள். நானும் அதையே வைத்துக்கொண்டேன்.

2 மார்ச்

எக்ஸ்இசட் என்ற கோப்பு அமுக்க மென்பொருளின் விவகாரத்தை யாராவது எழுப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். இன்று வந்துவிட்டது. 'உங்கள் சிஎஸ்வி சோதனையில் ஜியா டான் முதல் மதிப்பெண் வாங்கியிருப்பார்' என்கிறார்கள்.

வாங்கியிருப்பார், சந்தேகமே இல்லை. அந்தப் பெயரில் இருந்தவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒழுங்கான பேட்ச்கள் அனுப்பி, பொறுமையாகப் பதில் எழுதினார், இடையில் எக்ஸ்இசட்டின் இணைப் பராமரிப்பாளராகவும் ஆனார். 2024 தொடக்கத்தில் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது ரகசிய நுழைவழி, வைக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி ஒளிந்திருந்தது சோதனைக் கோப்புகளில். வேண்டுமென்றே சிதைத்த அமுக்கக் கோப்புகள் சோதனைக்குத் தேவை என்று சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? அவற்றைப் பிரித்தெடுத்து இயக்கும் கண்ணியோ கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் உருவாக்குநரான ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், தொலைவிலுள்ள கணினிக்குள் போக உதவும் எஸ்எஸ்எச் வழி உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, துருவிப் பார்த்து, மார்ச் 29 அன்று அறிவித்தார்.

திறனைச் சோதித்து நம்பிக்கையை முடிவு செய்ய முடியாது. இது இரண்டு தனித்தனிச் சாவி. டெபியனில் திறனோடு சேர்த்து, ஏற்கெனவே உள்ள உறுப்பினர்கள் உங்கள் குறியாக்கச் சாவியில் ஒப்பமிட்டிருக்க வேண்டும் என்று கேட்பது அதனால்தான். அதுவும் ஆளை அடையாளம் காட்டுமே தவிர, எண்ணத்தைக் காட்டாது.

எக்ஸ்இசட்டுக்குப் பிறகு என் திட்டத்தில் புதியவர்களுக்கு எதையும் மாற்றவில்லை, எனக்குத்தான் மாற்றினேன். சோதனைக் கோப்புகளை இருமக் கோப்பாக வாங்குவதில்லை. அவற்றை உருவாக்கும் சிறு நிரலைக் கேட்கிறேன். தலையில் அந்த மூன்று பைட்டுகள் உள்ள சிஎஸ்வி கோப்புகூட இப்போது ஒரு வரி நிரலால்தான் உருவாகிறது. வெளியீட்டுப் பொதி என் கணினியில் தயாராவதில்லை; களஞ்சியத்திலிருந்து தானாகத் தயாராகிறது, யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

3 மார்ச்

'அப்படியானால் பழையவர்களுக்கும் தேர்வு வையுங்கள்' என்று ஒரு நகைச்சுவை. எனக்கு வையுங்கள், தாராளமாக. என் பேட்ச்களையும் மூன்றாமவர்தான் இப்போது பார்க்கிறார். போன வாரம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார்.

9 மார்ச்

முதலாமவர் என்ன ஆனார் என்று கேட்டீர்கள். 'என்னிடம் சரியாக வேலை செய்கிறது' என்றவர்தானே? அவர் விவாதம் முழுவதையும் ஓரமாக நின்று படித்திருக்கிறார். பிறகு பிழையறிக்கைப் படிவத்தைத் திருத்தி அனுப்பினார். எந்த மென்பொருளில் சேமித்தது, முதல் பதினாறு பைட்டுகளை எப்படி எடுப்பது, எந்தக் கட்டளை எந்த இயங்குதளத்துக்கு என்று எல்லாம் அதில் இருந்தது. இப்போது வருகிற பிழையறிக்கைகளில் பாதிக்கு நான் கேள்வியே கேட்க வேண்டியதில்லை. அவர் இன்றுவரை நூலகத்தின் நிரலில் ஒரு வரிகூட எழுதவில்லை. டெபியன் 2010இல் வாக்கெடுத்து, பொதி தயாரிக்காத பங்களிப்பாளர்களையும் முழு உறுப்பினராக ஏற்கலாம் என்று முடிவு செய்தது நினைவுக்கு வருகிறது. நிரலாக்கத் தேர்வு வைத்திருந்தால் இவர் முதல் நாளே கழிந்திருப்பார்.

16 மார்ச்

தொகுப்பதற்கான வழிமுறையை யார் சோதிப்பது என்ற கேள்வி நல்ல கேள்வி. பழையவர்களால் முடியாது, நம் கணினிகளில் தேவையானதெல்லாம் எப்போதோ நிறுவப்பட்டுக் கிடக்கிறது. எனவே நான் புதியவர்களுக்கு முதல் வேலையாக இதைத்தான் கொடுக்கிறேன். வெறும் இயங்குதளம் மட்டும் உள்ள கணினியில் வழிமுறையை வரி விடாமல் பின்பற்றுங்கள், எங்கே நின்றீர்களோ அங்கே வந்த பிழைச் செய்தியை அப்படியே ஒட்டுங்கள், முடிந்தால் வழிமுறையைத் திருத்தி அனுப்புங்கள். மாற்றம் ஓரிரு வரி. பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். பிழைச் செய்தியை முழுதாக ஒட்டுபவர் யார், 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதுபவர் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். 'வேலை செய்யவில்லை' என்பவரிடம் முழுச் செய்தியைக் கேளுங்கள். கேட்டதும் கொடுத்தால் அவரும் தேறியவர்தான்.

17 மார்ச்

கமிட் உரிமையை, அதாவது மாற்றங்களை நேரடியாகத் திட்டத்தில் சேர்க்கும் உரிமையை, எப்போது கொடுப்பது என்று தனியாகக் கேட்டிருக்கிறார்கள். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத் திட்டத்தில் உரிமை கொடுத்த பிறகும் சில காலம் ஒரு வழிகாட்டி இருப்பார். ஒவ்வொரு கமிட்டுக்கும் அவர் ஒப்புதல் வாங்கி, அந்த ஒப்புதலையும் கமிட் செய்தியில் எழுத வேண்டும். போதும் என்று வழிகாட்டிக்குத் தோன்றும்போது விடுவிப்பார். நான் அவ்வளவு முறையாகச் செய்வதில்லை. ஒருவருடைய பேட்ச்களுக்கு நான் எழுதும் ஒரே பதில் 'சரி' என்று ஆகிவிட்டால் உரிமையைக் கொடுத்துவிடுகிறேன். அதற்குப் பிறகும் 'சரி' என்று எழுதிக்கொண்டிருந்தால் தாமதிப்பது நான்தான்.